வாய்க்கால் நண்டு ரசம்

காபி ஆறுது, குடிங்க தம்பி. டிகாஷன் நானே போட்டது. உங்க போலீஸ் ஸ்டேஷன்ல இந்த ருசி கிடைக்காது.

சமையல் புஸ்தகம் ஒண்ணு எழுதியிருக்கேன், கும்பகோணத்துல அச்சாகுது. எங்க மிராசு வீட்டுச் சமையல் மட்டும்னு நினைச்சிடாதீங்க. முத்துப்பேட்டை ஹமீதா பானு வீட்டு நோன்புக் கஞ்சி இருக்கு, அக்னஸ் டீச்சர் வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரம் இருக்கு. எல்லார் வீட்டு அடுப்பும் அதுல வரணும்னு ஆசை. அதனாலதான் எங்க வயல்ல நடவு நடுற தனபாக்கியத்தையும் கூப்பிட்டு, கொல்லைப்புறத்துல உக்கார வெச்சுக் கேட்டேன். நண்டு ரசத்துல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஓட்டோட இடிச்சு, சாறு பிழிஞ்சு, மிளகும் பூண்டும் தட்டிப் போடுவா. எந்த வயல் நண்டுடின்னேன். "எங்க தெருவுக்குப் பின்னால வாய்க்கா இருக்குல்லம்மா, அந்த நண்டுதான். எம் பொண்ணு தெனம் புடிச்சுட்டு வரும்"னா.

நடவு நேரத்துல கூலி நெல்லைக் கூட்டிக் குடுன்னு அவ தெரு ஆளுங்க மொத்தமும் வேலையை நிறுத்திட்டாங்க. முன்னால நின்னது இவதான். "கூட்டிக் குடுக்காம சேத்துல கால வைக்க மாட்டோம்மா"ன்னு என் வாசல்லயே சொன்னா. அவ மூஞ்சில கோவம்கூட இல்ல. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. நாத்து முத்திப் போவுது. ஆட்சி மாறினதுலேருந்து அதிகாரிங்களும் எங்க பேச்சைக் கேக்குறதில்ல. பட்டினி கிடந்தா தானா வருவாங்கன்னாரு எங்க வீட்டுக்காரர். பட்டினி எங்க கிடந்தாங்க? தெரு முழுக்க நண்டு ரசம் மணக்குது.

சோத்துல பூச்சிமருந்தைக் கலந்து, உருண்டை பிடிச்சு நண்டு வளையில வெக்கிறது இந்தப் பக்கம் வழக்கம்தான். நாத்தை வெட்டுதுல்ல. ஆளுங்க வெறும் சோத்துல கலப்பாங்க, பாதி நண்டு சீண்டாது. நான் குழைய வடிச்சு, கருவாட்டைச் சுட்டுப் பொடிச்சுச் சேர்த்தேன். கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கே. வெக்கவும் நானே போனேன், ஆளுங்கதான் வேலைக்கு வரலையே.

நாத்தங்கால் மேற்கால இருக்க, உருண்டை கிழக்கால தெரு வாய்க்கால்ல கிடந்துச்சே, ஏன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. நாத்தங்கால் நண்டை அவங்க திங்க மாட்டாங்களே தம்பி.

மருந்து தின்ன நண்டு உடனே சாகாது. கிறங்கிப் போய்க் கரையில கிடக்கும், குழந்தைகூடப் பொறுக்கலாம். ஆமா, அதுவும் தெரியும். தெருவுல சிலர் வாந்தியோட பிழைச்சுக்கிட்டாங்க. தனபாக்கியம், அவ புருஷன் நல்லக்கண்ணு, அந்தப் பொண்ணு, மூணு பேரும் விடியறதுக்குள்ள போயிட்டாங்க. பொணத்தை எடுத்துட்டுப் போன கையோட மத்தவங்க பழைய கூலிக்கே நடவுக்கு இறங்கினாங்க. நல்ல வேளை, நாத்து தப்பிச்சுது.

குடுங்க, கையெழுத்துப் போடுறேன். அச்சாபீஸ்ல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்த ரசத்துக்கு மேல தனபாக்கியம் பேரைப் பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கேன், இதைச் சாக்கா வெச்சு எடுத்துடப் போறாங்க. எங்க வகையறாவுல எந்தப் பொம்பளை இவங்களுக்கு இப்படி ஒரு மரியாதை செஞ்சிருக்கா, சொல்லுங்க.