சிபுலு கிராமத்தில் இறந்தவரின் பெயர் தொடர்பாக

எனது உண்மைப் பெயர் கதிரவேலு சுபாஸ்கரன். வயது நாற்பத்தேழு. லண்டன் வெம்பிளியில், முகவரி தனித்தாளில் பதியப்பட்ட வீட்டில், மனைவி மேரிசாந்தியுடனும் மகளுடனும் வசிக்கிறேன். வீடுகளுக்கு டைல்ஸ் பதிப்பது தொழில். எனது பிரித்தானியக் கடவுச்சீட்டிலும் திருமணப் பதிவிலும் பெயர் சச்சிதானந்தன் என்றும் வயது நாற்பத்தொன்பது என்றும் உள்ளன. அது வேறொருவரின் பெயர். அவர் உயிரோடு இல்லை. பேசாமல் இருக்கவும் சட்டத்தரணியை வைத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு என்பதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் விளக்கினார். அதை விளங்கிக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு ஆடி மாதம் நான் கொழும்பிலிருந்து மலேசியா சென்று, அங்கிருந்து படகில் இந்தோனேசியாவின் சுமாத்திராவுக்கும், அதன் பின்னர் பஸ்ஸிலும் கப்பலிலுமாக ஜாவாத் தீவின் தென்கரைக்கும் கொண்டுசெல்லப்பட்டேன். அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏற்றுவதாக முகவர் சொல்லியிருந்தார். என்னுடன் வந்தவர் கிளிநொச்சியைச் சேர்ந்த சச்சிதானந்தன். மலேசியாவில் ஒரே அறையில் தங்கியபோதுதான் பழக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணை என்று அழைத்தேன். எங்கள் இருவரையும் சிபுலு என்ற கிராமத்தில் இறக்கிவிட்டு, படகு வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு முகவரின் ஆள் போய்விட்டார்.

சிபுலுவில் நாற்பது வீடுகளுக்கு மேல் இல்லை. ஒரு பள்ளிவாசல், வயல்கள், மரவள்ளித் தோட்டங்கள், அதற்கப்பால் கடல். தார் வீதி ஆற்றோடு முடிந்துவிடும். அப்போது பாலம் இல்லை. மூங்கில் மிதவையைக் கயிற்றால் இழுத்துக் கடக்க வேண்டும். அக்கரையில் வாடகை மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். பின்னால் ஏறி இரண்டு மணி நேரம் போனால் ஆஸ்பத்திரி உள்ள நகரம் வரும். நாங்கள் ரொசிதா என்ற விதவையின் வீட்டுப் பின்னறையில் தங்கினோம். அங்கே மூத்த பெண்களை இபு என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். நான்கு மாதங்கள் அவருடைய வயலில் நாற்று நட்டோம்; தென்னங் கருப்பநீரைச் சர்க்கரையாகக் காய்ச்ச விறகு பிளந்து கொடுத்தோம். சச்சி அண்ணைக்கு அந்த மக்களின் பேச்சு விரைவில் வந்துவிட்டது. பின்னேரங்களில் அவர் மனைவி யோகமலரையும் நாலரை வயது மகள் துஷ்யாவையும் பற்றிச் சொல்வார். போர் முடிந்த பின் எட்டு மாதம் தடுப்பு முகாமில் இருந்ததையும் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கார்த்திகை மாதம் மழை தொடங்கிய பின்னர் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் கண்கள் மஞ்சளாகிவிட்டன. கெண்டைக்கால்களைத் தொடவும் விடவில்லை. இபு வந்து பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அக்கரையில் மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லியனுப்புவதாகவும் சொன்னார். அன்று மிதவை ஓடியது. நான்தான் மறித்தேன். ஆஸ்பத்திரியில் கடவுச்சீட்டு கேட்பார்கள், பொலிஸ் வரும் என்று பயந்தேன். அந்த வாரம் படகு வரும் என்று முகவர் செய்தி அனுப்பியிருந்தார்.

"அண்ணை, நாளைக்கு ஒருநாள் பாப்பம்" என்றேன்.

"உன்ரை இஷ்டம், தம்பி" என்றார்.

மறுநாள் விடிந்தபோது ஆறு பெருகி, மிதவையின் கயிறு அறுந்திருந்தது. கிராமத்து ஆண்கள் ஆறு பேர் அவரை ஒரு கதவைக் கழற்றி அதில் கிடத்தி ஆற்றங்கரைவரை கொண்டுவந்து, நீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பக் கொண்டுசென்றார்கள். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அவர் இறந்தார். படகு வரவேயில்லை.

கிராமத்து மையவாடியில் வேறு சமயத்தவரை அடக்கும் வழக்கம் இல்லை என்று பெரியவர்கள் தயக்கத்தோடு சொன்னார்கள். விறகெல்லாம் நனைந்திருந்ததால் எரிக்கவும் முடியவில்லை. அப்போது இபு தன் மரவள்ளித் தோட்டத்தின் கடற்பக்க மூலையைக் காட்டினார். அங்கே அடக்கம் செய்தோம். எனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வரிக்குமேல் வரவில்லை. பள்ளிவாசல் இமாம் தலையைக் குனிந்தபடி வேலிக்கு வெளியே கடைசிவரை நின்றார்.

அதன் பின்னர் சச்சி அண்ணையின் பையை நான் எடுத்துக்கொண்டேன். அதில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பு முகாமிலிருந்து விடுவித்த கடிதம், மனைவியின் தொலைபேசி எண் ஆகியவை இருந்தன. வீட்டாரிடம் சேர்க்கவே எடுத்தேன். மலேசியாவுக்குத் திரும்பியதும் அந்த எண்ணுக்கு அழைத்தேன். நான் வாய் திறக்குமுன், "நீங்களோ? ஏனப்பா இவ்வளவு நாளா எடுக்கேல்லை?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. நான் வைத்துவிட்டேன். மறுபடி அழைக்கவில்லை.

2011ஆம் ஆண்டு வேறொரு முகவர் மூலம் லண்டன் வந்தபோது, எனக்கு நடந்தவற்றைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடிதமும் இருக்கவில்லை. சச்சி அண்ணையின் பத்திரங்களைக் கொடுத்து, அவர் பெயரில் அடைக்கலம் கேட்டேன். நேர்காணலில், அவர் பின்னேரங்களில் சொன்னவற்றை எனக்கு நடந்ததாகச் சொன்னேன். ஓரிடத்தில் அழுதுவிட்டேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தி, அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள் என்றார்.

இந்த வருடம், 2025 மாசி மாதம், வெம்பிளியில் ஒரு மருந்துக்கடைக்கு எனது பிரஷர் குளிசை எடுக்கப் போனேன். கவுண்டரில் புதிதாக நின்ற பெண் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டார். வழக்கம்போல் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்தபடி நின்றார். பிறகு தமிழில், "அங்கிள், நீங்கள் எந்த இடம்?" என்றார். "கிளிநொச்சி" என்றேன். பதினான்கு வருடங்களாகச் சொல்லிப் பழகிய பதில். அவர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ரை பேர் துஷ்யா. இஞ்சை படிக்க வந்தனான். அம்மா யோகமலர். எனக்கு முகம் நினைவில்லை... நீங்கள் அப்பாவோ?"

"இல்லைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, குளிசையை எடுக்காமல் வெளியேறினேன். வீட்டுக்கு வந்து மேரிசாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நான் ஆரைக் கட்டினனான்?" என்று அவர் கேட்டார்.

அண்ணையை அடக்கம் செய்த இடம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று அறியாமல் அந்தப் பிள்ளையின் முன் போய் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் பங்குனி மாதம் சிபுலு சென்றேன். இப்போது ஆற்றுக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள். இபு ரொசிதா மரவள்ளித் தோட்டத்தை இறால் பண்ணைக்கு விற்றுவிட்டார். கடற்பக்க மூலையை மட்டும் விற்பனை உறுதிப் பத்திரத்தில் சேர்க்கவிடாமல் கம்பி வேலி அடைத்து வைத்திருந்தார். கிராமத் தலைவரின் பழைய பதிவேட்டில், இறந்த திகதியுடன், "சச்சி, ரொசிதா வீட்டு விருந்தாளி" என்று எழுதியிருந்தது. அதன் படத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். இபு என்னை அடையாளம் கண்டு, "அவருடைய ஆட்கள் ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்டார். "வருவார்கள்" என்றேன்.

அதன் பின்னர் லண்டன் திரும்பி, துஷ்யாவைச் சந்தித்து நடந்ததைச் சொன்னேன். அவர் கிளிநொச்சியிலுள்ள தாயாரைக் கைபேசியில், முகம் தெரியும்படி அழைத்து, மீண்டும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். முடிவில் யோகமலர் ஒன்று கேட்டார்.

"அவரை இபு கொண்டுபோகச் சொன்ன அண்டைக்கு, மிதவை ஓடினதோ?"

"ஓம், ஓடினது."

அவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார். திரையில் கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது.

ஒரு வாரத்தின் பின்னர் துஷ்யா என்னைத் தேடிவந்தார். "அப்ப வந்த அந்தக் கோல் அப்பாதான் எண்டு நம்பித்தான் அம்மா மரணச் சான்றிதழ் எடுக்கேல்லை. வீட்டு வளவும் அப்பாவின்ரை பேரிலையே கிடக்கு. இப்ப எடுக்கவேணும். பொலிசிலை போய்ச் சொல்லுங்கோ" என்றார். தானும் தாயாரும் சிபுலு போகப்போவதாகவும் சொன்னார். நானும் வரலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். எப்பிடிப் போறதெண்டு மட்டும் எழுதித் தாங்கோ. அம்மா உங்களோடை இனிக் கதைக்கமாட்டா" என்றார்.

எனக்கு விதிக்கப்படும் தண்டனை பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. இதன் பிரதி ஒன்றை துஷ்யாவிடம் கொடுக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நகரத்துப் பஸ் நிலையத்தில் இறங்கி, தெற்கே மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம் போகவேண்டும். பாலம் தாண்டியதும் இடப்பக்கம் மண் ஒழுங்கை. பள்ளிவாசலடியில் ரொசிதா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். இறால் குளங்களுக்கு அப்பால் கம்பி வேலி தெரியும். படலைக்குப் பூட்டு இல்லை. கார்த்திகைக்கு முன்னர் போவது நல்லது.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. சொன்னவை யாவும் உண்மை. யாரும் வற்புறுத்தாமல், என் பெயரில் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. சுபாஸ்கரன்
வெம்பிளி, 2025 வைகாசி 19