சுட்டுப் பார்த்தால்தான் விலை

பழைய துப்பாக்கியைக் கொண்டுவருகிறவர்கள் உறையை அவிழ்ப்பதற்கு முன்பே ஒரு கதையை அவிழ்த்துவிடுவார்கள். தாத்தா வைத்திருந்தது, பெரிய மனிதர் ஒருவர் பரிசாகக் கொடுத்தது, ஒரே குண்டில் இரண்டு பன்றி விழுந்தது. நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். கதைக்கு நான் விலை போடுவதில்லை. இந்தத் தொழிலுக்கு வேண்டியது சந்தேகப்படுகிற குணம்தான், ஐயா. ஒரு திருகாணி மாறியிருந்தால்கூட அதை எவன் மாற்றினான், எதை மறைக்க மாற்றினான் என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

நீங்கள் கேட்டது என் தங்கையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்காகத்தான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. படிப்பு முடிந்ததும் அவள் கடையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழலுக்குள் துணி விட்டு இழுத்துத் துடைப்பதில் என்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். சுடக் கற்றுக்கொடு என்று ஒருமுறை கேட்டாள். ஆபத்து, வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பிறகு லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒருவரை விரும்பினாள். எதிர்க் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்ய வந்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கடைக்குள் வந்தார். ஆள் நல்ல உயரம், வாய் நிறையச் சிரிப்பு. கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மாடியில் இடம் இருக்கிறது, இங்கேயே இருங்கள் என்று நானாகத்தான் சொன்னேன். பெருந்தன்மை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் படியேறினால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். விடுமுறை நாட்களில் காலையிலேயே இருவரும் கிளம்பிவிடுவார்கள். எங்கே என்று கேட்டால், சும்மா ஒரு சுற்று என்பார் மாப்பிள்ளை. சும்மா சுற்றப் போகிறவள் தலைமுடியை அவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டு போவானேன்? திரும்பி வரும்போது அவள் கையில் சோப்பு வாசனை அடிக்கும். வெளியே போனவள் எதைக் கழுவிவிட்டு வருகிறாள்?

ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது அவள் சட்டையின் கழுத்து நழுவியது. வலது தோளை ஒட்டிக் கன்றிப்போய் நீலமாக இருந்தது. கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். எந்தக் கதவும் அந்த இடத்தில் இடிக்காது. அன்றிலிருந்து மாப்பிள்ளை சிரிக்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் அவர் அந்த ரைபிளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய பெரியப்பா விட்டுப்போனதாம். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, சுடப் பழகுகிற கிளப்பிலேயே அதை வைத்திருந்தாராம். துப்பாக்கிக்கு விலை சொல்வதே பிழைப்பாக இருக்கிறவன் வீட்டில் குடியிருந்துகொண்டு, இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ன மச்சான், தேறுமா?" என்றார்.

வேட்டைக்கென்றே செய்த அருமையான ரைபிள். யாரும் கை வைக்காமல் விட்டிருந்தால் சேகரிப்பவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆனால் தொலைநோக்கி மாட்டுவதற்காக மேல்பாகத்தில் துளை போட்டிருந்தார்கள். பழைய மெருகைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாயம் ஏற்றியிருந்தார்கள். தோளில் வைக்கிற மரக்கட்டையின் அடியை வெட்டிக் குட்டையாக்கி, ரப்பர் ஒட்டியிருந்தது. அந்த வெட்டு மட்டும் புதிது.

கட்டையை யார் வெட்டியது என்று கேட்டேன்.

"நான்தான் மச்சான். அவளுக்கு நீளமா இருந்துச்சு. இப்ப எனக்குத்தான் தோள்ல உட்கார மாட்டேங்குது. என்னைவிட அவதான் நல்லா சுடுறா, தெரியுமா?"

அப்போதுதான் புரிந்தது. தோளில் இருந்தது ரைபிள் உதைத்த நீலம், கையில் கழுவியது வெடிமருந்து வாசனை. அவர் அவள்மேல் கை ஓங்கவே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். அவர் பேசிக்கொண்டே போனார். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்தாயிற்று, இதை விற்றால் முன்பணத்துக்கு ஆகும், வாங்க ஒரு ஆளும் தயாராக இருக்கிறார் என்றார்.

"அவதான் உங்ககிட்ட சொல்றேன்னு சொன்னா. உங்க மூஞ்சியைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குதாம்."

விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் போனபிறகு நிதானமாகப் பார்த்தேன். எந்த அளவுத் தோட்டா போடவேண்டும் என்று குழலில் பொறித்திருந்த முத்திரையை அரத்தால் தேய்த்து அழித்திருந்தார்கள். தோட்டா உட்காரும் அறையைக் குடைந்து, அதைவிட வீரியமான தோட்டாவுக்கு இடம் செய்திருந்தார்கள். அது பெரியப்பாவின் வேலையாகத்தான் இருக்கவேண்டும். அவ்வளவு அழுத்தத்தை அந்தக் காலத்து இரும்பு தாங்காது. சுடும்போது பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கிற போல்ட்டைக் கழற்றினேன். அதன் முனையில் பூட்டிக்கொள்கிற பல் ஒன்று உண்டு. அதில் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெளியே வரும். வந்தது. பல்லின் அடியில் தலைமுடி போல ஒரு கோடு.

பெரியப்பா தானே மருந்து குறைத்து அடைத்த தோட்டாக்களைத்தான் அவர்கள் இதுவரை சுட்டிருக்கிறார்கள். உறையில் இரண்டொன்று கிடந்தன, பிரித்துப் பார்த்தேன். அதனால்தான் ரைபிள் பிழைத்திருந்தது. கடையில் விற்கிற முழு வீரியத் தோட்டா போட்டால் பிழைக்காது.

பொடியைத் துடைத்தேன். மறுபடி எண்ணெய் பூசி மாட்டினேன். அந்த ரைபிளுக்கு நான் செய்தது அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் என் கைவேலை அதில் இருக்காது.

மறுநாள் மாப்பிள்ளையிடம் விலையைச் சொன்னேன். சேகரிப்பவர்களிடம் இது பாதி விலைக்குக்கூடப் போகாது, ஆனால் சுடுவதற்கென்று வாங்குகிறவரிடம் போகும் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. குறி தப்பாமல் அடிக்கிறதா என்று அவர் கேட்பார், புதுத் தோட்டா போட்டுச் சுட்டு, இலக்கு அட்டையைக் காட்டுங்கள் என்றேன். தோட்டாப் பெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை பர்ஸை எடுத்தார். சொந்தத்துக்குள் என்ன காசு என்று தடுத்துவிட்டேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

கிளம்பும்போது தங்கை கீழே வந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"அண்ணா, நல்லா பாத்துட்டல்ல? சுடலாமா?"

"சுட்டுப் பாத்தாத்தான் விலை தெரியும்" என்றேன்.

அதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"கோபமாண்ணா? முன்னாடியே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"எனக்கென்ன கோபம். பாத்துப் போ."

என்னிடம் அவளுக்கு எதற்குப் பயம் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும்.

நீங்கள் திரும்பத் திரும்ப மாப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன் என்கிறீர்கள். எனக்கு அவரைக் கொல்லும் எண்ணம் இருந்ததே இல்லை. அவர் தோளில் அந்தக் கட்டை உட்காராது. சுடப்போகிறவள் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தோட்டாவைக் கொடுத்தேன். போல்ட் உடைந்தால் பின்பக்கமாக, கன்னத்தை வைத்திருக்கிற இடத்தில்தான் தெறிக்கும். உயிருக்கு ஆபத்து வராது என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அவர் பக்கத்தில் நின்றிருந்தாராம். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பார்வை திரும்பாது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளை அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார். இந்த உட்கார்தலெல்லாம் எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியும். நான் அவள் கையைத் தொட்டேன். தொட்டதுமே யார் என்று தெரிந்துகொண்டாள், கையை இழுத்துக்கொண்டாள்.

"அவனை வெளிய போகச் சொல்லுங்க" என்றாள்.

என்னை அவன் என்று அவள் சொன்னதே இல்லை. ஊசி மருந்தின் மயக்கம். வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இது எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தால் நல்லது. அவள் வருவதற்குள் அறையை ஒழிக்கவேண்டும், கட்டிலைச் சுவரோரம் நகர்த்தவேண்டும். எங்கள் மாடிப்படி ரொம்பச் செங்குத்து. கைப்பிடி போட்டுவிடுங்கள் என்று தச்சர் சொன்னார். வேண்டாம் என்றேன். அவள் கீழே இறங்கி எங்கே போகப்போகிறாள்?