அடுத்த வண்டி

பகல் இரண்டு மணி. ஆமாம், பகல்தான். பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்...

என் நண்பனின் சகலைக்கு நடந்தது இது. வேன் ஓட்டுகிறவன். ஆளில்லாத ரோட்டிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போவதால் அவனுக்கு ஹாரன் என்றே பெயர். அந்த மண் ரோட்டில் டவுனுக்குப் போகும் ஒரே வண்டி அவனுடையதுதான். வாரத்துக்கு ஒரு நடை.

அன்று பாதி வழியில், சின்னப் பாலத்தருகே ஒரு பெண் கைகாட்டினாள். இருபது வயதுகூட இருக்காது. ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. இன்னொரு கையில் மடித்த துணிகள், ஐந்து. பச்சைச் சேலையைக் கிழித்து ஓரம் தைத்தவை.

ஏறிக் கடைசி சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலேயே ஒரே மூச்சில் சொன்னாள். மூன்று நாள் பிரசவ வலி. குழந்தை செத்துப் பிறந்தது. உள்ளே ஓட்டை விழுந்து, அன்று முதல் சிறுநீர் நிற்காமல் ஒழுகுகிறது. புருஷன் வீட்டில் துரத்திவிட்டார்கள். அதைத் தைத்துச் சரிசெய்யும் டாக்டர்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் டவுனுக்கு வருவார்கள். நாளை கடைசி நாள்.

வண்டி கிளம்புவதற்குள் எல்லோர் முந்தானையும் துண்டும் மூக்குக்குப் போய்விட்டன.

“எறக்கி விடுப்பா. இல்லேன்னா நாங்க எறங்கிக்கிறோம்.”

ஹாரன் கெட்டவன் இல்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னான். “அடுத்த வண்டியில வாம்மா. காலியா வரும்.”

“சரிண்ணே. இங்கேயே நிக்கிறேன்.”

நம்பிவிட்டாள். அடுத்த வண்டி என்று ஒன்று இல்லவே இல்லை.

அவளுக்கு ஏற்கெனவே காய்ச்சல் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் கல் உடைக்கப் போனவர்கள் பாலத்துச் சுவரோரம் அவளைப் பிணமாகப் பார்த்தார்கள்.

மறு வாரம், அதே பாலம். பின்னால் ஒரு சத்தம். சொட்... சொட்... சொட். திரும்பிப் பார்த்தான். கடைசி சீட்டில் ஆளில்லை. சீட்டு மட்டும் நனைந்திருந்தது. தொட்டான்... இளஞ்சூடு. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினான். ரெக்சினையே மாற்றினான். அடுத்த நடையிலும் அதே சொட்டு, அதே நாற்றம். மூன்றாம் நடையில் காதோரம் கேட்டது.

“அண்ணே... இதுதானே அடுத்த வண்டி?”

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். இன்ஜின் ரிப்பேர் என்றான்.

அப்போதுதான் நிறைமாதமாக இருந்த அவன் மனைவிக்கு வலி எடுத்தது. நர்ஸம்மா வந்து பார்த்தார். “தலை சிக்கிக்கிட்டு நிக்குது. இப்பவே டவுனுக்குக் கொண்டு போங்க.”

ஹாரன் எழுந்திருக்கவில்லை. “ஏதாவது வண்டி வரும்” என்றான்.

“வாசல்ல வண்டிய வெச்சுக்கிட்டு வண்டி வரும்ங்கிறியே, ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?” மாமியார் கத்தினார். ஒரு நாள் போனது. இரண்டாம் நாளும் போனது. மாமியார் வேறு வண்டி தேடி நடந்தே கிளம்பிவிட்டார்.

மனைவி கத்திக்கொண்டிருந்த வரை தாங்கிக்கொண்டான். கத்துவதை அவள் நிறுத்தியதும்தான் தார்ப்பாயை உருவினான். அவளைக் கடைசி சீட்டில் படுக்கவைத்தான். அன்று அவன் ஹாரன் அடிக்கவே இல்லை.

பாலத்தருகே இன்ஜின் நின்றது. பின்கதவு தானாகத் திறந்தது. அவன் திரும்பவில்லை.

“ஏறிக்கம்மா” என்றான்.

டப்... கதவு சாத்திக்கொண்டது. இன்ஜின் பிடித்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் குழந்தை பிழைக்கவில்லை. மனைவி பிழைத்தாள். ஒரே வாரத்தில் அவளுக்கும் ஒழுக ஆரம்பித்தது.

“ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கணும்பா” என்றார் டாக்டரம்மா. “தைக்கிற டாக்டருங்களும் வந்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த தடவை பாக்கலாம்.”

சொன்ன விதம் ஹாரனுக்கு நன்றாகத் தெரிந்த விதம்தான். அவனும் இப்படித்தான் சொன்னான்.

கட்டிலருகே போனான். மனைவி மெல்லச் சொன்னாள். “வழி பூரா ஒரு பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தா. நல்ல பொண்ணு. எறங்கறப்போ, இனிமே ஒனக்கு வேணும்க்கான்னு குடுத்துட்டுப் போனா.”

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். மடித்த துணிகள். ஐந்து. பச்சைச் சேலையைக் கிழித்து ஓரம் தைத்தவை.

அன்றிலிருந்து கடைசி சீட்டு காய்ந்து கிடக்கிறது. துணிகளைத் தினமும் அவன்தான் துவைத்துக் கொடியில் போடுகிறான். நல்ல வெயில். நான்கு துணி காய்ந்துவிடும். ஐந்தாவது மட்டும்... எத்தனை நாள் கிடந்தாலும் சொட்டிக்கொண்டே இருக்கிறதாம். தொட்டால் இளஞ்சூடு.