மச்சானுக்கு நான் காட்டிய ஆகாயம்

உங்கள் மின்விசிறி கிறீச்சிடுகிறது, டாக்டர். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஏணி இருந்தால் நானே விட்டுத் தருகிறேன். மச்சானுக்கு இந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். வெளியே அவரோடு உட்கார்ந்திருக்கிற என் மனைவியைக் கேட்டால் போன வருடம் என்பாள். அண்ணன்மேல் உயிர் அவளுக்கு, ஆனால் அவளுக்கு விஷயம் தெரியாது. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மச்சான் எங்களோடுதான் இருக்கிறார். குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு மாலை கடையைச் சாத்தியதும் அதன் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். விற்காத கழிப்பறைக் கோப்பைகளை மூடி, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, விண்வெளியைப் பற்றிச் சண்டை போடுவோம். 'வழிதப்பிய கலம்' என்ற டிவி தொடர்தான் எங்களுக்கு உயிர். வரைபடமெல்லாம் அழிந்துபோன ஒரு விண்கலம் வீட்டுக்கு வழி தேடுகிறது. அந்தக் கதையில் ஓட்டை கண்டுபிடிப்பதும் அதை அடைப்பதும்தான் எங்கள் வேலை. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். எல்லோரும் குடும்பஸ்தர்கள்.

தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாத கலம் திசையை எப்படி அறிந்தது? முதல் பருவத்தில் எங்களைப் பாடாய்ப் படுத்திய கேள்வி அது. எழுதியவனுக்கே தெரியாது என்றார் எங்கள் கூட்டத்து மருந்துக் கடைக்காரர். விடை எனக்குத்தான் கிடைத்தது. நான் போக்குவரத்து சிக்னல் பராமரிப்பவன். பழுதான சிக்னல்களில் மஞ்சள் விளக்கு ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் சிமிட்டும். அதை வைத்தே எந்தச் சந்திப்பு என்று சொல்லிவிடுவேன். வானத்தில் துடிக்கும் நட்சத்திரங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். நாலைந்தின் துடிப்பு எவ்வளவு முந்திப் பிந்தி வருகிறது என்று பார்த்தால், நாம் நிற்கிற இடம் தெரிந்துவிடும். சாப்பிடும்போது மச்சானிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அந்த ஞாயிறு எனக்கு டியூட்டி. தாமதமாகப் போனேன். படியேறும்போதே அவர் குரல் கேட்டது. என் நட்சத்திரங்கள். மஞ்சள் விளக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த பருவத்தில் தொடரிலேயே அதே விடை வந்தது. அன்றிலிருந்து அவருக்கு 'மாலுமி' என்று பட்டப்பெயர். கேக் வெட்டினார்கள். தட்டு பிடித்தது நான். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "மச்சான், அது நான் சொன்னதாச்சே" என்றேன்.

"வீட்டுக்குள்ள யார் சொன்னா என்ன மாப்ள? உனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. நான் பேசினேன், அவ்வளவுதான்."

"ஒரு கதைக்காகவா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று என் மனைவி சிரித்தாள். மென்று விழுங்கினேன். செரிக்கவில்லை.

அப்புறம் கண் நரம்பு கெட்டு அவருக்குப் பார்வை போனது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. தொடரை மட்டும் விடமாட்டேன் என்றார். பேச்சு காதில் விழும். கலம் பறக்கும் காட்சிகளில் வெறும் இசைதான். என் மனைவிக்கு அந்தத் தொடர் பிடிக்காது. எனவே பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஒழுங்காகத்தான் சொன்னேன். "சரியாப் பாத்துச் சொல்லு மாப்ள, உனக்கு வலது இடது தெரியாதா?" என்று கடிந்துகொள்வார். ஒரு நாள், கலம் இரட்டைச் சூரியனுக்கு இடப்பக்கமாகத் திரும்பியது. வலப்பக்கம் என்றேன்.

அந்த ஞாயிறு அவர் அதை வைத்துப் பெரிய வாதமே கட்டினார். மருந்துக் கடைக்காரர் தயங்கித் தயங்கி, "இடது பக்கம்தானே போச்சு?" என்றார். காட்சியை மறுபடியும் போட்டார்கள். எல்லோரும் இடது என்றார்கள். மச்சான் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீ வலதுன்னுதானே சொன்ன?"

"இல்ல மச்சான். இடதுன்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான், டாக்டர். முதல் பொய்யைவிட இரண்டாவதுதான் வேலை செய்தது. பிறகு ஒவ்வொரு வாரமும், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி. எல்லாவற்றையும் சரியாகச் சொல்வேன், ஒன்றை மட்டும் மாற்றுவேன். அவருடைய வாதம் எதன்மேல் நிற்குமோ அதையே பார்த்து மாற்றுவேன். தர்க்கத்தில் ஒரு குறையும் இருக்காது, அஸ்திவாரம்தான் இருக்காது. கூட்டம் கலையும்போது மற்றவர்களிடம், "மச்சானுக்குக் கொஞ்ச நாளா மறதி, பெருசா எடுத்துக்காதீங்க" என்பேன். அவர்கள் என் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். இனித்தது. உங்களிடம் மறைப்பானேன்.

தொடரைத் தாண்டி நான் எதிலும் கை வைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கண் தெரியாமலே எந்தக் குழாய் எந்த அலமாரியில் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னால் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். கடைச் சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். குளித்தேனா, சாப்பிட்டேனா என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார். அதெல்லாம் அவராகச் செய்துகொண்டது. கேட்டதற்கு நான் உண்மையைத்தான் சொன்னேன்.

போன வாரம் நீங்கள் ஒரு வியாதியின் பெயரைச் சொன்னீர்கள். என் மனைவி அழுதாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். எப்பேர்ப்பட்ட மூளை, அதை இந்த வியாதி எப்படிச் சத்தமில்லாமல் அரித்துவிட்டது பாருங்கள் என்று ஆளுக்கு ஆள் வியந்தார்கள். பாடுபட்டது நான், டாக்டர். இந்தத் தடவையும் பெயரை வேறு யாரோ தட்டிக்கொண்டு போவதா? வயிறு எரிந்தது. அதனால்தான் இன்று தனியாகப் பேச வேண்டும் என்றேன்.

அவருக்கு ஒன்றும் இல்லை. மூளை தீட்டிய கத்தி மாதிரி இருக்கிறது. உங்கள் மாத்திரைக்கு அப்புறம்தான் கை நடுங்குகிறது, நிறுத்திவிடுங்கள். நீங்களே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும், "டாக்டர் சொல்றது நெசமா மாப்ள?" என்று என்னைத்தான் கேட்பார்.

இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன். உண்மை தெரிந்தால் அவர் மனசு தாங்காது, டாக்டர். அவரைப் பற்றிக் கவலைப்பட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?