வீட்டுக்குள் மட்டும் தெரிகிற அப்பா

காலை ரயில். திருநின்றவூரில் ஏறிய இரண்டு பேர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஊட்லேர்ந்து பாத்தா எங்கப்பா தெரியறாரு மாமே. ரயில்லேர்ந்து பாத்தா தெரில.”

“இன்னா மச்சான் சொல்ற?”

“மறதில அவரு பாட்டுக்கு கதவத் தொறந்துகினு ஏரிப் பக்கம் போயிடறாரு. அதான் கேமரா மாட்டி, எங்கேர்ந்தும் போன்ல பாக்கற மாதிரி பழைய கம்ப்யூட்டர்ல சர்வர் போட்டேன். தெருவுக்கு வந்தா கனெக்‌ஷன் எடுக்கல.”

“நெட்டுக்காரன கூப்ட்டியா?”

“மூணு வாட்டி வந்தான். எங்கூட்டு சோபால குந்திகினு, எங்கூட்டு வைஃபைலயே பாத்துட்டு, நல்லா வருது சார்ங்கறான். சோபால குந்துறவனுக்கு எதுக்கு கேமரா? தலைய திருப்புனா அப்பா.”

“வைஃபைய அணைச்சிட்டு பாக்க சொல்றதுதானே?”

“சொன்னேன். மொபைல் நெட்ல வரல. வெளியேர்ந்து வர்றத கம்பெனியிலயே தடுத்து வச்சிகீறாங்க, எங்க கைல இல்லன்றான். கம்ப்ளெய்ண்ட் குடுத்தேன். சரி பண்ணியாச்சுன்னு நேத்து மெசேஜ் வருது. எவன் பண்ணான்?”

“இப்ப அப்பாகூட யாரு?”

“யாருமில்ல. வெளிய பூட்டு போட்டு வந்துகீறேன்.”

பக்கத்திலிருந்தவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அண்ணனூரில் ரயில் நின்றது. போன்காரர் எழுந்து இறங்கி, திருநின்றவூருக்குத் திரும்புகிற ரயில் வரும் எதிர் பிளாட்பாரத்துக்குப் படி ஏறினார்.