குறி வைத்த பூந்தொட்டி

இல்லீங்க சார், துப்பாக்கிய நீட்டினது சுடறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு. ரெண்டுக்கும் ரொம்ப தூரம் இருக்கு. உக்காருங்க, சொல்றேன். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

மொதல்ல துப்பாக்கிய நீங்களே பாத்துருங்க. கிட்ட வாங்க, கடிக்காது. பின்னாடி இங்க காலியா இருக்கா? போல்ட்டுன்னு ஒரு இரும்புத் துண்டு இருக்கணும் இந்த எடத்துல. குண்ட உள்ள தள்றதும் அதுதான், வெடிக்க வைக்கறதும் அதுதான். அது இல்லன்னா இது வெறும் கொழாய், தண்ணி கூட வராது. எங்க இருக்குன்னா, அந்தத் தையல் பெட்டில ஊசி நூலோட கெடக்கு. குண்டெல்லாம் நாங்க சுடப் பழகற கிளப்பு பீரோல, சாவி செக்ரட்டரி இடுப்புல. லைசென்ஸா? உங்களுக்குப் பின்னாடி சுவத்துல பாருங்க, கண்ணாடி போட்டு மாட்டிருக்கேன். கல்யாண போட்டோ இருந்த எடம். ஐயோ, அவரு சாகல சார், விட்டுட்டுப் போயிட்டாரு. ஆணி சும்மா இருந்துச்சு.

நானா? நான் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவ. மூச்சப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க, இத சொல்லி சொல்லியே முடி நரைச்சுப் போச்சு. சுடற எடம், ரேஞ்சு, அங்க போய்ப் படுத்தா அதையே எனக்கு நானே சொல்லிக்கறேன். உங்களையும் நான் எடுத்திருக்கேன்னு நெனைக்கறேன். தோள்பட்டை? அப்படியா, அப்போ வேற யாரோ. போலீஸ்காரங்க எலும்பெல்லாம் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியும்.

புகார் விஷயத்துக்கு வரேன் சார். நாளைக்குக் காலைல கிளப்புல போட்டி. வயசானவங்களுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல மட்டும் துப்பாக்கி மேல ஸ்கோப், தூரத்தக் கிட்ட காட்டற கண்ணாடி, மாட்டிக்கலாம். பெரிய மனசு. கண்ணு போனவங்கள எல்லாம் ஒண்ணாப் படுக்க வச்சு, ஆளுக்கொரு துப்பாக்கியும் குடுத்துடறாங்க. இந்த ஸ்கோப் இருக்கு பாருங்க, இத மாட்டிட்டா மட்டும் போதாது. கொழாய் ஒரு எடத்தப் பாக்கும், ஸ்கோப் ஒரு எடத்தப் பாக்கும். மாமியாரும் மருமகளும் மாதிரி. அப்படியே ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனா, மொத குண்டு குறி அட்டைல கூடப் படாது, பின்னாடி மண்ணுல போய்ச் சொருகும். எங்க போச்சுன்னே தெரியாதப்ப எத வச்சுத் திருத்தறது?

அதனால வீட்லயே ஒரு வேலை பண்ணிட்டுப் போவோம். போல்ட்டக் கழட்டிட்டு, துப்பாக்கிய இந்த மணல் மூட்டை மேல அசையாம படுக்க வைக்கணும். மூட்டை பழைய பேண்ட்டு காலுதான், நானே தச்சது. பேண்ட்டு யாருதுன்னு கேக்காதீங்க, அவரு எடுத்துட்டுப் போக மறந்தது. அப்புறம் பின்னாடி இருந்து கொழாய்க்குள்ள கண்ண வச்சுப் பாக்கணும். தூரத்துல உருண்டையா ஏதாவது ஒண்ணு, சரியா கொழாய்க்கு நடுவுல வரணும். வந்துச்சா, இப்ப துப்பாக்கியத் தொடாம, ஸ்கோப்புல மேல ஒண்ணு பக்கத்துல ஒண்ணு குமிழ் இருக்கு பாருங்க, அதத் திருகித் திருகி, உள்ள இருக்கற கூட்டல் குறியும் அதே உருண்டை மேல போய் உக்கார்ற மாதிரி செய்யணும். அவ்வளவுதான். கொழாயும் கண்ணும் ஒரே எடத்தப் பாக்குது, சமாதானம். மிச்சத்த ரேஞ்சுல நாலு குண்டுல சரி பண்ணிக்கலாம். வேணும்னா பாருங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டு. தெரியுதா?

ஆமா, பூந்தொட்டி. எதிர் மாடி பால்கனில இருக்கற செவப்புத் தொட்டி. ஆமாங்க, தொட்டிக்குப் பின்னாடி வீடும் இருக்கு, வீட்டுல ஆளும் இருக்கு. வாஸ்தவம். தப்புதான். துப்பாக்கி காலியா இருந்தாலும் ஆள் இருக்கற பக்கம் நீட்டக் கூடாது, எங்க ரூல்ல மொதல் ரூலே அதுதான்.

தெருமுனைத் தண்ணித் தொட்டியா? பாக்கலாம் சார். ஆனா காலைல அந்தப் பக்கம் வெயில் கண்ணுல அடிக்கும். பள்ளிக்கூடத்துக் கடிகாரமா? அது மரத்துல மறைஞ்சிருச்சு. கொஞ்சமா மறைச்சாலும் மறைச்சதுதானே.

அது வந்து, ஒரு தடவ குறி வச்சா போதும்தான். போன சனிக்கிழமையும் வச்சேன், அதுக்கு முந்தின சனிக்கிழமையும் வச்சேன், உண்மைதான். ஸ்கோப்பப் புடிச்சிருக்கற வளையம் லூசாயிடுதுங்க. எல்லா சனிக்கிழமையுமான்னா, ஆமா, வாரா வாரம் லூசாயிடுது. என்ன செய்யறது, இப்ப வர்ற பொருளோட லட்சணம் அப்படி.

சிரிக்கிறீங்க. சிரிங்க. உங்கள சார்னு கூப்பிடவே வாய் வரமாட்டேங்குது, தம்பின்னு கூப்பிடறேன், கோவிச்சுக்காதீங்க.

எதிர் மாடில யாருன்னு தெரியுமான்னா, தெரியும். ஒரு அம்மா, தனியா இருக்காங்க. பேச்சு வார்த்தை கெடையாது. கண்ணுல பொரை விழுந்து ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு அவங்களுக்கு. காலைல எழுந்ததும் அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்துவாங்க. ஊத்துவாங்கன்னா, தொட்டில இல்ல, பக்கத்துல. மொத்தத் தண்ணியும் கீழ் வீட்டுக்காரரோட பேப்பர்ல விழும். அவரு மேல பாத்துக் கத்துவாரு, இந்தம்மா மழையான்னு கைய நீட்டிப் பாப்பாங்க. போன மாசம் ஆபரேஷன் ஆச்சு. ஒரு கண்ணு சுமாராத் தேறுச்சாம், இன்னொண்ணுல ஏதோ சிக்கல், பாத்துதான் சொல்லணும்னு டாக்டரு சொல்லிருக்காரு. எனக்கு எப்படித் தெரியும்னா, நான்தான் ஆஸ்பத்திரில வேலை செய்யறேனே. கண்ணு வார்டு நர்ஸ் எனக்குப் பழக்கம். நான் கேக்கல, அவளா சொன்னா. சரி, நான்தான் கேட்டேன். தெனமும் கேட்டேன். போதுமா?

அதா? அது மெடல். ஏழு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது. அதப் பாத்துட்டு பெரிய கில்லாடின்னு நெனைச்சுராதீங்க, அது ஒரு கூத்து. ரேஞ்சுல ஆளுக்கு ஒரு லேன், லேனுக்கு நேர எதிர்ல ஒரு அட்டை. எனக்குப் பக்கத்து லேன்ல ஒரு அம்மா. கிளப்புல அவங்கள அடிச்சுக்க ஆள் கெடையாது. அன்னைக்குக் கடைசிக் குண்டு வரைக்கும் அவங்கதான் முன்னாடி. கடைசிக் குண்ட, தன்னோட அட்டைய விட்டுட்டு என் அட்டைல போட்டுட்டாங்க. சுடறவங்களுக்கு வர்ற தப்புதான் இது. நம்பர் பலகைய ஒழுங்காப் பாக்கலன்னா வரும். அட்டைய எடுத்துப் பாத்தா என்னோடதுல கடைசிக் குண்டுக்கு ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு ஓட்டை. ஒண்ணு நட்ட நடுவுல, பத்து. இன்னொண்ணு ஓரத்துல, எட்டு. எது யாரோடதுன்னு கண்டுபிடிக்க முடியல. அப்படி ஆனா, அட்டைக்குச் சொந்தக்காரங்களுக்குப் பெரிய நம்பரக் குடுக்கணும்னு ரூல். எனக்குப் பத்து. அந்தம்மாவுக்கு சைபர். மெடல் என் கழுத்துல.

என்னோடது எட்டுதாங்க. அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும், ரூலுக்கு மட்டும் தெரியாது. வேண்டாம்னு சொன்னேன், கேளுங்க, ரெண்டு தடவ சொன்னேன். செக்ரட்டரி இதெல்லாம் உங்க இஷ்டம் இல்லம்மான்னுட்டாரு. அந்தம்மா என்னைப் பாத்து, என் பத்த நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டு எழுந்து போனவங்கதான். அப்புறம் கிளப்புப் பக்கமே வரல. மூஞ்சி குடுத்துப் பேசல. கோவம்தான்னு நெனைச்சேன். நம்பர் பலகை தெரியாத அளவுக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சிருக்குன்னு நான்தான் மொதல்ல யோசிச்சிருக்கணும். எக்ஸ்ரே எடுத்து என்ன பிரயோஜனம்.

சரி தம்பி, துப்பாக்கியக் கொண்டு போகணும்னா கொண்டு போங்க. நாளைப் போட்டி போயிடும், வருத்தமாத்தான் இருக்கு. இந்தத் தடவ வர்ற மெடலாவது என்னோடதா இருக்கும்னு ஆசையா இருந்தேன். என்ன பண்றது, புகார்னு வந்தா நீங்களும் செய்யத்தானே வேணும்.

என்ன? புகார்ல இன்னும் ஒண்ணு இருக்கா? சொல்லுங்க.

திரும்பச் சொல்லுங்க. மெதுவா.

ஸ்கோப்பு சாஞ்சிருக்குன்னு எதிர் மாடி அம்மா சொன்னாங்களா? மேல் குமிழ் நேரா நிக்கல, சுடறவளுக்கு இடது பக்கமா சாஞ்சிருக்கு, கிட்டத்துல சரியா வரும், நாளைக்கு ஐம்பது மீட்டர்ல ஒதுங்கிப் போகும்னு சொன்னாங்களா? அந்த வார்த்தையவே சொன்னாங்களா, நீங்களா சேத்தீங்களா?

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. அந்த நூல எடுங்க. நுனில ஊசி தொங்குதா, கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஸ்கோப்புக்கு முன்னாடி புடிங்க. ஆடாம. மூச்சப் பிடிங்க.

ஆமாங்க. சாஞ்சுதான் இருக்கு. மயிரிழைதான், ஆனா சாஞ்சிருக்கு. மூணு வாரமா கிட்டவே இருக்கேன், நான் பாக்கல.

தெரு இவ்வளவு அகலம். வெறுங்கண்ணால இது தெரியாது தம்பி. அட்டைல ஓட்டையப் பாக்கற டெலஸ்கோப்பு ஒண்ணு அவகிட்ட உண்டு, அதப் பரண்ல இருந்து எடுத்திருக்கா. எடுத்து, ஜன்னல்ல வச்சு, என்னைப் பாத்திருக்கா. அப்போ ரெண்டாவது கண்ணுலயும் பார்வை வந்துருச்சு. ஒத்தக் கண்ணுல டெலஸ்கோப்புப் பாக்கறது அவளுக்கு எப்பவும் வலது கண்ணுலதான், சிக்கல்னு சொன்னதும் அந்தக் கண்ணத்தான்.

ஒண்ணும் இல்ல, தூசி. தண்ணி குடிக்கறீங்களா? நான் குடிக்கறேன்.

பக்கத்து லேன் அம்மாவும் எதிர் மாடி அம்மாவும் ஒரே ஆள்தான், நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. என் அக்காதான். கூடப் பொறந்தவ. துப்பாக்கிய எந்தத் தோள்ல வைக்கணும்னு எனக்குக் காட்டினதே அவதான்.

இந்தாங்க, துப்பாக்கி. உறையில போட்டுத் தரேன், தெருவுல அப்படியே தூக்கிட்டுப் போனா உங்க மேலயும் யாராவது எழுதிக் குடுத்துருவாங்க. போட்டி கெடக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன் தம்பி. சமாதானம் பண்றேன்னு அங்க போயி, புகார வாபஸ் வாங்கச் சொல்லிடாதீங்க. ஏழு வருஷம் கழிச்சு அவ என்கிட்டப் பேசியிருக்கா.