யவனர் வாசலில் என் வலது கால்

அஜ்மானில் வாடகை ஏறினாலும் அசையாமல் அமர்ந்திருக்கும் தமிழ் மன்றத்தின் தலைவர், அடிக்கடி கடிகாரம் பார்க்கும் அண்ணன் பத்மநாபன் அவர்களே, வெள்ளிக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் பெரியோர்களே, பிரியாணிப் பாத்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை என்னைவிட நன்றாக அறிந்த தாய்மார்களே, இந்த மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இன்று டிராவல்ஸ் கடை திறக்கும் தம்பி செல்வசிங் அவர்களே, அந்தக் கடையின் உண்மையான முதலாளியாகிய தங்கை இன்பமணி அவர்களே, மூன்றாம் வரிசையில் ஒரு சொல்லும் புரியாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் கைதட்டும் வெள்ளைக்காரரே, அவர் யார் என்று ஒருவரையொருவர் கிள்ளிக் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, கிரேக்கம் காணப் போவோர் காண வேண்டியவை. எதைச் சொல்வேன்? குன்றின் உச்சியில் குலையாமல் நிற்கும் கோயில் தூண்களைச் சொல்வேனா? கீழே நடுக்களத்தில் ஒருவர் காகிதத்தைக் கிழித்தால் மேல்படியில் இருப்பவர் காதில் விழும் கல் அரங்கத்தைச் சொல்வேனா? மிளகு தேடி நம் கரைக்கு மரக்கலம் ஓட்டி வந்தவர்களை யவனர் என்று அழைத்தோமே, அந்தப் பழைய உறவைச் சொல்வேனா? எல்லாம் சொல்லலாம். ஆனால் தலைவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஆகவே ஒரே ஒரு வாசலைச் சொல்கிறேன்.

அதற்கு முன் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏன் சிரிக்கிறீர்கள்? தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். குவைத் அப்பாசியாவில் இருந்தபோது ஒரு கம்பெனியில் கால் வைத்தேன், அதற்குப் பூட்டு விழுந்தது. அபுதாபி முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கால் வைத்தேன், முதலாளி ஓமானுக்கு ஓடினார். அஜ்மானில் சேர்ந்த கம்பெனியில் விசா கொடுத்த கபீலுக்கே கவலை வந்து, கலாஸ், முடிந்தது என்றுவிட்டார். ஓரிடத்தில் நில்லாத கால், நின்ற இடத்தையும் நிற்க விடாத கால். இங்கே யார் புதுவீடு போனாலும் எனக்கும் அழைப்பு உண்டு. பால் பொங்கி, வழிந்து, அடுப்பையும் அணைத்த பிறகு வரச்சொல்லி அழைப்பு.

இப்போது புரிகிறதா, எனக்கு மட்டும் மாடியில் மேடை, கடை வாசல் கீழே என்று தம்பி ஏன் ஏற்பாடு செய்தார் என்று? அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏசி டெக்னீஷியன் வேலையை விட்டு, விசாவை மாற்றி, இருந்ததையெல்லாம் இந்தக் கடையில் இறக்கியிருக்கிறார். நானாக இருந்தாலும் என்னை உள்ளே விட மாட்டேன்.

கடை தொடங்குமுன், பயணிகளை அனுப்பப்போகும் ஊரைப் பார்த்துவிடலாம் என்று போன டிசம்பரில் அவரும் அவர் மனைவி இன்பமணியும், நானும் என் மனைவி சரசுவும் கிரேக்கம் போனோம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கத்தெரினா என்ற பெண்மணியின் விடுதியில் தங்கினோம். கணவர் கப்பலில் என்ஜினியர். ஓர் ஆண்டாக வீடு வரவில்லை. லீவு கேட்டால் மாற்று ஆள் இல்லை என்று தள்ளிக்கொண்டே இருந்தார்களாம். இங்கே பலருக்குக் கேட்ட கதையாக இருக்கிறது, இல்லையா? அவர் வளைகுடாத் துறைமுகங்களில் கற்ற ஒரு சொல்லை அந்த அம்மையார் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலை காபிக்கு நாங்கள் தாமதித்தால் கத்தெரினா படிக்கட்டில் நின்று, சீக்கிரம் வாருங்கள் என்பதற்கு "யல்லா" என்பார்.

புத்தாண்டுக் காலை. எல்லோரும் அவருடன் தேவாலயம் போய்விட்டு வந்தோம். அவர் கையில் பூசையில் வைத்து எடுத்த ஒரு மாதுளம்பழம். அவர்கள் வழக்கம் என்ன தெரியுமா? ஆண்டின் முதல் நாள் வீட்டுக்குள் யார் முதலில் வலது கால் வைக்கிறாரோ, அவருடைய ராசிதான் அந்த வீட்டுக்கு ஆண்டு முழுதும். வாசலில் மாதுளையும் உடைப்பார்கள். கடல் கடந்து போனாலும் கால் ராசி என்னை விடவில்லை பாருங்கள்.

அந்த அம்மையார் நால்வரையும் பார்த்தார். பழத்தை என்னிடம் நீட்டினார்.

பின்னாலிருந்து என் சட்டை இழுபட்டது. "அண்ணே, வேண்டாம்ண்ணே. அந்த அம்மா பாவம்லா" என்றார் செல்வசிங். சரசு தன் பங்குக்கு, வந்த இடத்திலாவது நல்ல பேர் எடுங்கள் என்றாள். நானும் நேர்மையாக, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குவைத் முதல் அஜ்மான் வரை என் காலின் வரலாற்றை ஒப்பித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்டார்.

"இத்தனை இடம் போனாயே, ஒவ்வொரு முறையும் உன் வீட்டுக்குத் திரும்பி வந்தாயா?"

வந்தேன் என்றேன்.

"வீட்டிலேயே கிடக்கிற கால் எனக்கு எதற்கு? போய்விட்டுத் திரும்பி வருகிற கால்தான் இந்த வாசலுக்கு வேண்டும். யல்லா."

வாசலில் நிற்கும் அந்நியன் வேடம் மாறி வந்த தெய்வமாக இருக்கலாம் என்று எண்ணிய இனம் அது. வாசலில் நின்ற இந்தத் தெய்வம் பதற்றத்தில் என்ன செய்தது? நம் பழக்கம் கையில் வந்துவிட்டது. மாதுளையை வாசலுக்கு நேரே மூன்று முறை சுற்றினேன். பூசணிக்காயை உடைப்பதுபோல் நடுத்தெருவில் ஓங்கிப் போட்டேன்.

எதிர்வீட்டு மாடியில் ஒரு கிழவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நாம் கெட்டதை வெளியே எறிய உடைக்கிறோம். அவர்களோ நல்லது வீட்டுக்குள் சிதற உடைக்கிறார்கள். அந்த வீட்டின் ஓராண்டு நல்லதை நான் ஒரு டாக்ஸியின் அடியில் சிதறவிட்டேன். கத்தெரினா முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. அவர் துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை.

அப்புறம் என்ன செய்தோம்? குனிந்தோம். கோட்டு போட்ட செல்வசிங் டாக்ஸிக்கு அடியில் ஊர்ந்தார். சரசு சேலை முந்தானையை விரித்தாள். முத்து முத்தாகப் பொறுக்கி, இரண்டு கையும் சிவக்க அள்ளிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, கூடம் முழுவதும் இறைத்தேன். கதவருகே நின்ற கத்தெரினா அப்போதுதான் சிரித்தார். கிரேக்கம் போகிறவர்களே, தூண்களைப் பாருங்கள், அரங்கத்தைப் பாருங்கள். ஆனால் ஒரு வீட்டு வாசலில் உங்களை உள்ளே வா என்றால், தயங்காதீர்கள். ஆயிரமாயிரம் ஆண்டாக அவர்கள் இடியாமல் காத்தது அந்த வாசலைத்தான்.

மூன்றாம் வரிசைக்காரர் யார் என்று இன்னுமா கேட்கிறீர்கள்? கத்தெரினாவின் கணவர் ஸ்டெலியோஸ். அவர் கப்பல் பக்கத்து ஃபுஜைரா துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கிறது. மாற்று ஆள் வந்துவிட்டார். அடுத்த வாரம் வீட்டுக்கு விமானம். என் கால் ராசியா? ஐயோ, அப்படிச் சொல்ல எனக்கே துணிவில்லை. கம்பெனிக்கு ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் நேற்று அவர் தொலைபேசியில் மனைவியிடம் பேசும்போது பக்கத்தில் இருந்த இன்பமணி, இன்று மேடை ஏறுமுன் என்னை நிறுத்திச் சொன்னார். "அண்ணே, நாங்க விக்கப்போறது போயிட்டு வாற டிக்கெட்டுல்லா. அதுக்கு ஒங்க காலுதான் சரி."

அதோ, படிக்கட்டருகே மாதுளையோடு நிற்கிறார். ரிப்பன் வெட்ட வந்த தலைவரோ, முதல் அடியை எனக்கு விட்டுக்கொடுத்துத் தலையாட்டுகிறார். தம்பி செல்வசிங், உங்கள் கை என் சட்டையை இழுக்கவில்லையே? நல்லது. பதறாதீர்கள், கத்தெரினா அம்மையார் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த முறை உள்ளேதான் உடைப்பேன்.

கேட்டிருந்த காதுகளுக்கு நன்றி. ஊர் விட்டு ஊர் வந்த உங்கள் ஒவ்வொரு காலுக்கும் என் வணக்கம். யல்லா, கொஞ்சம் வழி விடுங்கள்.